இரண்டு கட்டத்து வெளிச்சம்

என் வயதுப் பெண்கள் யாராவது இதைப் படிப்பதாக இருந்தால், முதலில் கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது கண் சம்பந்தப்பட்ட விஷயம். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதுவது பரவாயில்லை. யாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கப்போவதில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

ஏன் ஐந்தோடு நின்றாய் என்று யாராவது கேட்டால், "எனக்குப் படிப்பு ஏறலைங்க" என்பேன். இத்தனை வருஷமும் அதையேதான் சொல்லிவந்தேன், நானும் அப்படித்தான் நம்பினேன். அது அப்படி இல்லை என்று எனக்குத் தெரிந்தது போன மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கம்ப்யூட்டரில் விளையாடிக்கொண்டிருந்தபோது.

சிரிக்காதீர்கள். விளையாட்டுதான்.

என் தங்கச்சி மகள் கைலாசபுரம் டவுன்ஷிப்பில் இருக்கிறாள். என் வீட்டுக்காரர் போன பிறகு நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருக்கிறேன். ஒருநாள் அவள் தன்னுடைய பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து என் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். "பெரியம்மா, இனிமே சனிக்கிழமை சாயங்காலம் நீங்க எங்கயும் போகக்கூடாது. நாம கதை விளையாடப் போறோம்" என்றாள்.

கதை விளையாட்டு என்றால் இப்படி. அவள் கதை சொல்வாள். நாங்கள் கதைக்குள் இருக்கிற ஆட்கள். "ஒரு பாழடைஞ்ச மண்டபம், உள்ள யாரோ இருமுற சத்தம், என்ன செய்றீங்க?" என்று கேட்பாள். நாங்கள் சொல்ல வேண்டும். சொன்னது நடக்குமா நடக்காதா என்பதற்குப் பகடை உருட்ட வேண்டும். முன்பெல்லாம் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்துதான் இதை ஆடுவார்களாம். இப்போது அவரவர் வீட்டில் இருந்துகொண்டே. மேஜை திரைக்குள் வந்துவிட்டது. திரையில் கட்டம் கட்டமாக ஒரு மேப் இருக்கும். அதில் நாங்கள் ஆளுக்கொரு வட்ட டோக்கன், நடுவில் முழு ஆளின் படம் போட்டிருக்கும். மவுஸால் இழுத்தால் அது நடக்கும். பகடையும் திரையிலேயே உருளும், உருளுகிற சத்தம்கூடக் கேட்கும்.

ஆடுகிறவர்கள் மூன்று பேர். நான், காட்டூரில் இருக்கிற என் தங்கச்சி, தங்கச்சிக்கு எதிர்வீட்டில் இருக்கிற ரிட்டயர்டு டீச்சர் ஒருவர். முதல் நாள் யார் யாராக வேண்டும் என்று கேட்டாள் மகள். டீச்சர் யோசிக்கவே இல்லை, "எனக்கு வில்லும் அம்பும் கொடும்மா. முப்பது வருஷம் சாக்பீஸ் வீசின கை" என்றார். தங்கச்சி இருட்டிலும் கண் தெரிகிற மந்திரக்காரி ஆனாள். என் முறை வந்ததும் எனக்கு வேர்த்துவிட்டது.

"சாப்பாடு தூக்கிட்டுப் போறவளா யாராச்சும் இருந்தா போடு, பாப்பா."

"அடியக்கா! ராணியாகூட ஆகலாம், அது இலவசம்தான்" என்றாள் தங்கச்சி. "அங்கயும் போய் சமையல்கட்டா?"

"விடுங்கம்மா. கூட்டத்துக்குச் சோறு வேணும்ல" என்று மகள் எனக்குக் கூடை வைத்திருக்கிற ஒரு பெண்ணை டோக்கனாகப் போட்டுத் தந்தாள். பார்க்க லட்சணமாக இருந்தாள் அவள். என்னைவிட தைரியமான முகம்.

கதை என்னவென்றால், எங்கள் மலைக்கோட்டை மாதிரி ஒரு குன்று. அதன் வாசல்காவல்காரரைக் காணோம். வயசானவர், பசியோடு எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறார். அவரைக் கண்டுபிடித்து என் கூடையில் உள்ள சாப்பாட்டைக் கொடுக்க வேண்டும்.

எல்லோரும் சந்தோஷமாக ஆடினார்கள். எனக்கு மட்டும் வெள்ளிக்கிழமையே பயம் பிடித்துக்கொள்ளும். சனிக்கிழமை எங்கள் தெருவில் கோயிலுக்கு வருகிற கார்களின் ஹாரன் சத்தத்தில் மகள் பேசுவது பாதி கேட்காது. திருப்பிக் கேட்கக் கூச்சம். மவுஸ் நான் நினைத்த பக்கம் போகாது. என் டோக்கன் சுவருக்குள் போய் நிற்கும். "அக்கா சுவத்துக்குள்ள குடி போயிட்டா, பால் காய்ச்ச வேண்டியதுதான்" என்பாள் தங்கச்சி. நான் ஏதாவது பதில் சொல்வேன், யாருக்கும் கேட்காது, மைக் மியூட்டில் இருக்கும். அடுத்த வாரம் வரவில்லை என்று சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைப்பேன். அதைச் சொல்லவும் கூச்சம்தான்.

அந்தப் பயம் எனக்குப் புதிது இல்லை. அது என்னோடு பொன்மலையில் இருந்து வந்தது.

அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். எங்களுக்கு லைன் வீடு. ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். ஒர்க்‌ஷாப் சங்கு ஊதுவதை வைத்துத்தான் உலை வைப்பதும் விளக்கேற்றுவதும். கடிகாரம் இருந்த வீட்டிலும் சங்கைக் கேட்டுத்தான் முள்ளைத் திருப்பினார்கள்.

நான் தலையைக் குனிந்துகொண்டே நடக்கிற பெண். எதிரில் யார் வருகிறார்கள் என்பது எனக்கு அவர்கள் கிட்டத்தில் வந்தபிறகுதான் தெரியும், அதற்குள் அவர்கள் தாண்டிப் போயிருப்பார்கள். யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று தெரியாததால் யாரையும் பார்க்காமல் போய்விடுவேன். அப்பாவோடு வேலை செய்கிற ஒருவர் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு சொன்னது நினைவிருக்கிறது. "என்னப்பா, உன் பெரிய மக ரோட்டுல பாத்தா ஒரு சிரிப்பு கிடையாது, ஒரு தலையாட்டல் கிடையாது. ஆபீசர் வீட்டுப் பொண்ணு மாதிரில்ல போவுது?" அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருக்குச் சரியாக வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் நான் உயரமாக இருந்ததால் கடைசி வரிசை. போர்டில் டீச்சர் எழுதும்போது சாக்பீஸ் சத்தம் கேட்கும். பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதுவேன். அவள் எங்கெங்கே தப்பு செய்தாளோ அங்கெல்லாம் நானும் தப்பு செய்தேன். எல்லோரும் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் எழுத்தைக் கண்டுபிடிக்கிறார்கள், எனக்குத்தான் அந்த வித்தை பிடிபடவில்லை என்று நினைத்திருந்தேன். 'மந்தம்' என்று டீச்சர் சொன்னார். வீட்டிலும் சொன்னார்கள். சொல்லச் சொல்ல அது என் இன்னொரு பெயர் மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் ஆறாவது படிக்க எனக்கு ஆசை இருந்தது. பெரிய பள்ளிக்கூடம் சிஸ்டர்கள் நடத்துவது. வெள்ளைச் சட்டை, கரும்பச்சைப் பாவாடை. அந்தப் பச்சை எனக்குத் தூரத்திலிருந்தே தெரியும், நிறம் என்றால் தெரியும். சாயங்காலம் ரோட்டில் அந்தப் பச்சை மொத்தமாக நகர்ந்து வரும்போது ஒரு தோட்டமே நடந்துவருவது மாதிரி இருக்கும். அதற்குள் நானும் இருக்க வேண்டும்.

அந்தப் பள்ளிக்கூடம் தூரம், ரயில்வே கேட்டைத் தாண்டிப் போக வேண்டும். அப்பாவுக்குப் பயம். ஐந்தாவது முடித்த அந்தக் கோடை லீவில் அம்மா மாசமாக இருந்தாள், எழுந்து நடக்கக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதுவரை வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போன அப்பாவுக்கு அந்தச் சமயம் பார்த்து வேலை நெருக்கடி. ஒர்க்‌ஷாப் கேட்டுக்குச் சாப்பாடு போக வேண்டும். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"பெரியவளே, இந்த லீவு பூரா நீதான் தனியா கேட்டுக்கு வந்து சாப்பாட்டைக் கொடுக்கணும். ஒழுங்கா செஞ்சுட்டேன்னா ஜூன் மாசம் ஆறாவதுல சேத்துடறேன். செய்வியா?"

நான் தலையாட்டினேன்.

"வாயைத் தொறந்து சொல்லு."

"செய்வேம்ப்பா."

அந்தக் கேரியர் இப்போது எங்கே போயிற்றோ. எனாமல் கேரியர், வெளியே நீலம், விளிம்பில் கறுப்புக் கோடு, மூன்று அடுக்கு. மேல் மூடியை ஒரு நீளக் கரண்டிதான் பூட்டு மாதிரிப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தக் கரண்டியில்தான் அப்பா ரசத்தை ஊற்றிக்கொள்வார். நடக்கும்போது அது என் முழங்காலுக்கு மேல் இடிக்கும். சோற்றின் சூடு பாவாடையைத் தாண்டித் தொடையில் தெரியும். சூடு ஆறுவதற்குள் போக வேண்டும், தார் ரோடு கால் பொசுக்கும், ஆனால் எனக்குப் பயம் அது இல்லை.

கேட்டில் என்னை மாதிரி நிறையப் பிள்ளைகள் நிற்கும். மதியச் சங்கு ஊதியதும் உள்ளேயிருந்து ஆட்கள் வெளியே வருவார்கள். வருவார்கள் என்றா சொன்னேன்? எனக்கு ஆட்கள் தெரியவில்லை. ஒரு நீலம் வரும். கேட் நிறைய நீலத் துணி, அதன்மேல் கறுப்பாகத் தலைகள், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மங்கல். இரும்பு வாசனையும் கரிப்புகை வாசனையும் முதலில் வரும். மற்றப் பிள்ளைகள் அந்த நீலத்தைப் பார்த்ததுமே "அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடிவிடும். எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்களோ! அவர்களுக்கு ஏதோ யுக்தி தெரியும், எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்றுதான் நினைத்தேன்.

நானாக ஒரு யுக்தி வைத்துக்கொண்டேன். அப்பாவின் தோளில் ஒரு வெள்ளைத் துண்டு கிடக்கும். அம்மா படுக்கையில் விழுவதற்கு முன்பு வரை நீலம் போட்டு வெளுத்துக் கொடுத்த துண்டு. அந்த ஒர்க்‌ஷாப்பில் அவ்வளவு வெள்ளையாக வேறு யாரும் துண்டு போட்டு நான் பார்த்ததில்லை. நீலத்துக்கு நடுவில் ஒரு வெள்ளைத் தீற்றல் ஆடி ஆடி வரும். அதை நோக்கிப் போவேன். கிட்டே போனால் அது அப்பாவாக ஆகிவிடும். ஒவ்வொரு நாளும் அது அப்பாவாக ஆகிற வரைக்கும் எனக்கு மூச்சு வராது.

ஒருநாள் ஏமாந்தேன். வெள்ளை தெரிந்ததே என்று ஓடிப்போய் ஒருவருடைய சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டேன். அவர் கையில் கட்டுப் போட்டிருந்தார், அந்தக் கட்டுத்தான் வெள்ளை. அவர் குனிந்து, "நான் உங்கப்பன் இல்லடி தங்கம். ஆனா பசிக்குது, பரவால்ல கொடு" என்றார். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு அழுகை. அப்பா வந்து கேரியரை வாங்கிக்கொண்டு, "என்ன பெரியவளே, அப்பனை மாத்திட்டியா?" என்றார். அவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று முழுக்க எனக்கு ஜூன் மாதம் நழுவிப்போன மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "துண்டை நான் தோய்க்கிறேம்மா" என்றேன். தினமும் துண்டுக்கு நானே சோப்புப் போட்டுத் தேய்த்து, நீலம் போட்டு உலர்த்தினேன். "பாரேன், இவளுக்குத் திடீர்னு அப்பா மேல அக்கறை" என்று அம்மா பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்னாள்.

மே மாதம் முடியப் போகிற சமயம். அன்றைக்குச் சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே நான் போய்விட்டேன். கேட்டுக்கு எதிரே வேப்பமரத்து நிழல், அதில் நின்றேன். பெரிய பள்ளிக்கூடத்து சிஸ்டர் ஒருவர் மாதா கோயில் பக்கமிருந்து குடையோடு வந்தவர், என்னைப் பார்த்து நின்றார். கிட்டத்தில் நின்று பேசியதால் அவர் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. மூக்கின் மேல் வேர்வை.

"என்ன கிளாஸ் படிக்கிற?"

"அஞ்சு முடிச்சுட்டேன் சிஸ்டர்."

"ஆறாவது எங்கக்கிட்ட வர்றியா?"

அப்பா சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார் என்றேன். எவ்வளவு பேசினேன் பாருங்கள், எனக்கே ஆச்சரியம். அதற்குள் சங்கு ஊதிவிட்டது. நீலம் வெளியே வந்தது. நான் வெள்ளையைத் தேடினேன். இடது பக்கம் பார்த்தேன், வலது பக்கம் பார்த்தேன். பிள்ளைகள் எல்லாம் ஓடிப்போய்விட்டன. நீலம் பிரிந்து பிரிந்து போயிற்று. கொஞ்சம் தள்ளி ஓர் ஆள் நிற்பது தெரிந்தது. சட்டை நீலம்கூட இல்லை, மேலிருந்து கீழ்வரை கறுப்பு. தோளில் வெள்ளை இல்லை. அசையாமல் நின்றார். யாரோ யாருக்காகவோ நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்பா வந்துட்டாரா?" என்று சிஸ்டர் கேட்டார்.

நான் அந்தப் பக்கம் பார்த்தேன். அந்த ஆளைத் தாண்டிப் பார்த்தேன். "இன்னும் வரலைங்க சிஸ்டர்" என்றேன். எப்போதும் இல்லாத தெளிவான குரலில் சொன்னேன்.

சிஸ்டர் தலையைத் தடவிவிட்டுப் போனார். அந்தக் கறுப்பு ஆளும் திரும்பி உள்ளே போய்விட்டார். நான் நின்றேன். கேரியர் ஆறிக்கொண்டே வந்தது. திரும்பவும் சங்கு ஊதியது, கேட்டை மூடினார்கள். கேரியரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். கண்டுபிடிக்கத் தெரியாமல் விட்டுவிட்டேன், அப்பா பட்டினி, ஆறாவது போயிற்று. இந்த மூன்றும்தான் வழி முழுக்க மனதில் ஓடியது.

வீட்டில் அம்மா கேரியரைத் திறந்து பார்த்து, "என்னடி, அப்படியே இருக்கு?" என்றாள்.

"அப்பா வரலைம்மா."

சாயங்காலம் அப்பா வந்தார். உள்ளே வரவில்லை. தெருக்குழாயடியில் நின்று மண்ணெண்ணெய் போட்டு, பிறகு சோப்புப் போட்டு, கையையும் கழுத்தையும் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஏதோ எண்ணெய்க் குழாய் வெடித்து மேலே கொட்டிவிட்டதாம், பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. துண்டை அங்கேயே சாக்கடையில் போட்டுவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பிட்டு முடித்து, கை கழுவிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: "பெரியவளுக்குப் படிப்பு போதும். உனக்கு ஒத்தாசையா வீட்டோட இருக்கட்டும்."

அம்மா என் பக்கம் திரும்பி, "கொண்டுபோன சோத்தைக் கொடுக்கத் துப்பில்ல, நீ ரயில்வே கேட்டைத் தாண்டி எங்க போய்ப் படிக்கப் போற?" என்றாள். அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் காரணம் என்று அவளும் நம்பினாள், நானும் நம்பினேன். அப்பா வாயைத் திறக்கவில்லை. மறுநாளிலிருந்து பக்கத்து வீட்டுக்காரரின் கேரியரோடு எங்கள் கேரியரும் சைக்கிளில் போனது.

அதற்குப் பிறகு அப்பா ஒருநாளும் ஒர்க்‌ஷாப் உடையோடு வீட்டுக்குள் வந்ததில்லை. குழாயடியில் குளித்து, வேட்டி மாற்றி, பிறகுதான் படியேறுவார். எவ்வளவு சுத்தமான மனுஷன் என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். நானும் என் வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். என் கல்யாண போட்டோவில் அப்பா ஓரமாக நிற்கிறார், இரண்டு கையும் பின்னால். ஏன் கையை மறைத்துக்கொண்டு நிற்கிறார் என்று நான் யோசித்ததே இல்லை.

கண்ணாடி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். முப்பது வயது தாண்டியபிறகு ஒருநாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நான் "இது எந்த பஸ்ஸுங்க, எந்த பஸ்ஸுங்க" என்று எல்லோரையும் கேட்பதைப் பார்த்துவிட்டு, என் வீட்டுக்காரர் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர், "எத்தனை நாளாம்மா இப்படி?" என்றார். "இப்பத்தாங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு காவிரிப் பாலத்தில் வரும்போது அக்கரையில் மாடுகள் தனித்தனியாகத் தெரிந்தன. பயந்துவிட்டேன். கண்ணாடி என்பது மனுஷக் கண்ணுக்குத் தெரியாததையும் கூடுதலாகக் காட்டுகிற சாமான் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் கண்ணாடி இல்லாமல் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்து, பாவம் இவருக்கு அந்த மாடெல்லாம் தெரியாதே என்று பரிதாபப்பட்டேன். கூச்சத்தில் அதை யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அப்பா அப்போது உயிரோடு இல்லை.

போன மாதம் அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். அதுவரை எங்கள் கதை பகல் வெளிச்சத்தில் நடந்துகொண்டிருந்தது. அன்றைக்குத்தான் குன்றின் அடியில் இருக்கிற சுரங்கத்துக்குள் முதல்முறை நுழைந்தோம். நுழைந்ததும் என் திரை முழுக்கக் கறுப்பாகிவிட்டது. என் டோக்கனைச் சுற்றி இரண்டு கட்டம் மட்டும் மங்கலாக வெளிச்சம். லேப்டாப் கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். கேட்கவில்லை. எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும், அவர்கள் சமாளிக்கிறார்கள், நானும் சமாளிக்க வேண்டும் என்று மெதுவாக நகர்ந்தேன்.

"யாரோ நிக்கிறாங்க!" என்றாள் தங்கச்சி. "கதவுக்குப் பக்கத்துல. அக்கா, உனக்கு நேரா."

"காவல்காரரா, எதிரியா?" என்றார் டீச்சர். "சொல்லுங்க, அம்பு ரெடியா இருக்கு. என் முறை வந்ததும் விட்டுடுவேன்."

"பெரியம்மா, உங்க டர்ன்" என்றாள் மகள். "கிட்ட இருக்கிறது நீங்கதான். என்ன செய்றீங்க?"

எனக்குக் கறுப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. நான் டோக்கனை இடது பக்கம் ஒரு கட்டம் இழுத்தேன். பிறகு வலது பக்கம்.

"என்னக்கா பண்ற? மூஞ்சிக்கு முன்னாடி மனுஷன் நிக்கிறான், நீ பாத்தும் பாக்காத மாதிரி இங்கயும் அங்கயும் போற?" என்றாள் தங்கச்சி. அவளுக்குப் பொறுமை கிடையாது. "அதே புத்தி. அன்னிக்கு கேட்ல அப்பாவை நிக்க வெச்ச அதே புத்தி."

எனக்குக் காது அடைத்த மாதிரி ஆயிற்று. "என்ன சொல்ற நீ?"

"என்ன சொல்றேனா? எண்ணெய்த் துணியோட அப்பா எதிர்ல வந்து நின்னாரு. பக்கத்துல சிஸ்டர் இருந்தாங்கன்னு வெக்கப்பட்டுக்கிட்டு, அவரை நேராப் பாத்தே 'இன்னும் வரலை'ன்னு சொன்னியாமே. என்னை ஆறாவதுல சேக்குறப்ப அப்பா சொன்னாரு. 'உங்கக்கா மாதிரி நீயும் ஒருநாள் அப்பனை வரலைன்னு சொல்ல மாட்டேன்னா சேத்துவிடறேன்'னு. நான் சத்தியம் பண்ணிட்டுத்தான் படிச்சேன். உனக்குத் தெரியாதா என்ன? இத்தனை வருஷம் வருத்தப்படுவியேன்னு நான் வாயைத் தொறக்கல."

திரையில் அந்தக் கூடைக்காரி இரண்டு கட்டத்து வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, இருங்க" என்றாள் மகள். அவள் குரல் மாறியிருந்தது. "பெரியம்மாவுக்கு அவரு தெரியல."

"எப்படித் தெரியாம போகும்? ஒரே மேப்தானே?"

"ஒரே மேப்தான். ஆனா அவங்கவங்க கண்ணுக்கு எட்டுற அளவுக்குத்தான் அவங்கவங்க திரையில தெரியும். உங்க ஆளுக்கு இருட்டுலயும் கண் தெரியும், அதனால முழு அறையும் தெரியுது. பெரியம்மா ஆளுக்குக் கிட்டத்துல மட்டும்தான். அவங்க திரையில என்ன இருக்குன்னு காட்டறேன், பாருங்க."

அவள் ஏதோ அழுத்தினாள். எல்லோருடைய திரையிலும் என் திரை வந்தது. முழுக்கக் கறுப்பு. நடுவில் ஒரு சின்ன வட்டம். அதற்குள் கூடையோடு ஒருத்தி.

கீழே தெருவில் ஒரு காரைப் பின்னால் எடுக்கிற பீப் சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கா" என்றாள் தங்கச்சி. "சின்ன வயசுல... கண்ணாடி போடறதுக்கு முன்னாடி... உனக்கு இப்படித்தான் தெரிஞ்சுதா?"

"எல்லாருக்கும் அப்படித்தானேடி தெரியும்?" என்றேன்.

சொல்லி முடித்தபிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது.

டீச்சர் மெல்லக் கேட்டார். "ஸ்கூல்ல போர்டு தெரிஞ்சுதாங்க உங்களுக்கு?"

"எழுதுற சத்தம் கேக்கும்ங்க."

டீச்சர் வகுப்பில் எத்தனை பேர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்களோ. தங்கச்சி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அப்பா சாகுற வரைக்கும் அந்தக் கையைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தாருக்கா" என்றாள்.

தெரியும். நானும்தானே பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை கறுப்பாக நின்ற அந்த ஆள் எனக்கு இப்போதும் தெரிகிறார். முகம் இல்லை. நான் கூப்பிடுவேனா என்று அவர் அங்கே நின்றிருக்கிறார். அப்பா கூப்பிடுவாரா என்று நான் இங்கே நின்றிருக்கிறேன். இரண்டு பேரில் யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் போதும். அவர் கையில் எண்ணெய் இருந்தது எனக்கு ஒரு பொருட்டே இல்லை என்று அவரிடம் இனிமேல் யார் போய்ச் சொல்வது?

"ஆட்டத்தை இதோட நிறுத்திக்கலாமா பெரியம்மா?" என்றாள் மகள்.

"வேணாம், பாப்பா" என்றேன். "என் டர்ன் இன்னும் முடியலையே."

"சரி. சொல்லுங்க. உங்க முன்னாடி இருட்டு. என்ன செய்றீங்க?"

"கேக்கலாமா?"

"தாராளமா. கண்ணு தெரியலைன்னாலும் வாய் இருக்குல்ல."

நான் மவுஸை விட்டுவிட்டேன். மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "யாரு அங்க நிக்கிறது?" என்றேன்.

பதில் இல்லை. அந்தக் கறுப்பு அப்படியே இருந்தது.

"பெரியம்மா, மியூட்ல இருக்கீங்க" என்றாள் மகள். கை பட்டு அழுந்தியிருக்கிறது. அதை எடுத்துவிட்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன். தெருவே கேட்கிற மாதிரி மறுபடியும் கேட்டேன்.

"யாரு அங்க நிக்கிறது?"

மகள் குரலை மாற்றிக்கொண்டாள். வயசான, கரகரத்த, பயந்த ஒரு ஆம்பளைக் குரல்.

"நாந்தாம்மா. வாசல்காவல். யாருன்னு தெரியாம நானும் பேசாம நின்னுட்டேன். சாப்பாடு கொண்டாந்தியா?"

டீச்சர் அம்பை இறக்கிவிட்டதாகச் சொன்னார். நான் டோக்கனை ஒரு கட்டம் முன்னால் இழுத்தேன். இன்னொரு கட்டம். வெளிச்ச வட்டத்துக்குள் முதலில் பாதம் தெரிந்தது. பிறகு வேட்டி. பிறகு கை. கடைசியில்தான் முகம்.

"கூடையை அவருக்குக் கொடுத்துடறேன்" என்றேன். "பகடை உருட்டணுமா, பாப்பா?"

"இதுக்கெல்லாம் பகடை வேணாம் பெரியம்மா" என்றாள். "கொடுங்க, வாங்கிக்குவாரு."